கவசம் இல்லாமல் காஸ்டியோனுக்குப் போன ஜான் டால்பட்

கேள்வி இதுதான்: இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரின் கடைசிப் பெரிய சண்டையான காஸ்டியோனில் இறந்த இங்கிலாந்துப் பிரபு ஜான் டால்பட், கவசம்கூடப் போடாமல் பீரங்கிகளுக்கு எதிரே போனாராமே, அது உண்மையா? வயதாகிப் புத்தி தடுமாறிப் போய்த்தான் அப்படிச் செய்தாரா?

கவசம் பற்றிய கதையை நம்பலாம். அதற்குக் காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். புத்தி தடுமாற்றம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1453 ஜூலை 17 அன்று காலையில் டால்பட் செய்தது, இருபத்தைந்து வருஷமாகச் செய்து ஜெயித்துவந்த அதே காரியம்தான். அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

டால்பட் 1387 வாக்கில் பிறந்தவர். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், விட்சர்ச் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பிளாக்மியர்தான் குடும்பத்தின் இடம். அவர் மூத்த மகன் இல்லை, இரண்டாவது. அந்தக் காலத்துப் பிரபு வீடுகளில் இரண்டாவது மகனுக்குச் சொத்து வருவது அரிது. பணக்கார வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது வாளை நம்ப வேண்டும். இவர் இரண்டையும் செய்தார். ஃபர்னிவல் குடும்பத்தின் வாரிசான மாட் நெவிலை மணந்ததில் ஷெஃபீல்டு நிலங்கள் கைக்கு வந்தன. இன்னொரு பக்கம், வேல்ஸில் ஒவைன் கிளிண்டூர் நடத்திய கலகத்தை அடக்கும் படையில் இளமையிலேயே சேர்ந்து, ஆபரிஸ்ட்வித், ஹார்லெக் கோட்டை முற்றுகைகளில் தொழில் கற்றார். அண்ணன் 1418-இல் பிரான்ஸின் ருவான் நகர முற்றுகையில் இறந்தார். அண்ணனின் சின்னப் பெண்ணும் 1421-இல் இறந்துபோக, குடும்பப் பட்டம் கடைசியில் இவரிடமே வந்து சேர்ந்தது.

ஆள் சாதுவானவர் இல்லை. 1413-இல் அண்டை அயல் பிரபுவான அரண்டெலோடு மோதியதில் லண்டன் டவரில் கொஞ்ச காலம் அடைக்கப்பட்டார். அடுத்த வருஷமே அரசர் ஐந்தாம் ஹென்றி அவரை அயர்லாந்துக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பினார். தொந்தரவான ஆளைத் தொந்தரவான இடத்துக்கு அனுப்புவது எல்லா அரசுகளும் செய்வதுதான். அயர்லாந்தில் படைக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதிலும் 1415-இல் அவர் கொள்ளையடித்தது யாரைத் தெரியுமா? ஐரிஷ் கவிஞர் குலங்களை. அந்த நாட்டில் வரலாற்றை எழுதி வைப்பவர்களே படித்த குலத்தார் என்பதை டால்பட் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பைபிளில் வரும் கொடுங்கோலன் ஏரோது மன்னனுக்குப் பிறகு இவ்வளவு கொடியவன் வந்ததில்லை என்ற பொருளில் ஓர் ஐரிஷ் ஆண்டுக் குறிப்பு அவரைத் திட்டி வைத்திருக்கிறது. அங்கேயே ஆர்மண்ட் பிரபுவோடு ஒரு பகையும் ஆரம்பித்தது. டால்பட்டின் தம்பி ரிச்சர்ட் டப்ளின் பேராயராக இருந்து அந்தச் சண்டையை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் டால்பட்டின் மகன் ஆர்மண்டின் மகளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சூடு குறைந்தது.

ஆக, இங்கிலாந்துக்காரர்கள் பின்னாளில் போற்றிய மாவீரனை அயர்லாந்தில் கேட்டால் வேறு கதை கிடைக்கும். இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதுபவர்கள் பாதி ஆளைத்தான் காட்டுகிறார்கள்.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது பிரான்ஸ். 1427-இல் அங்கே போனபோது அவருக்கு நாற்பது வயது. ஐந்தாம் ஹென்றி இறந்துவிட்டார், அரியணையில் சின்னப் பையன் ஆறாம் ஹென்றி. பிரான்ஸின் வடபகுதியை அரசனின் சித்தப்பா பெட்ஃபோர்டு பிரபு ஆண்டுகொண்டிருந்தார். இருக்கிற இடத்தைக் காப்பாற்றவே ஆள் போதாத நிலை. டால்பட்டின் போர்முறை அந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது என்பது என் கருத்து. ஆள் குறைவு என்றால் வேகம் வேண்டும். எதிரி எண்ணி முடிப்பதற்குள் அடித்துவிட வேண்டும்.

1428 மே மாதம் லெ மான் நகரத்து மக்கள் சிலர் இரவோடு இரவாகக் கதவைத் திறந்து பிரெஞ்சுப் படையை உள்ளே விட்டார்கள். இங்கிலாந்துக் காவல்படை ஒரு கோபுரத்துக்குள் ஒடுங்கியது. செய்தி கிடைத்த டால்பட் சுமார் 300 பேரோடு கிளம்பி, மூன்றாம் நாள் விடியற்காலையில் ஊருக்குள் பாய்ந்தார். பிரெஞ்சு வீரர்கள் படுக்கையிலிருந்து எழுந்து உள்சட்டையோடு ஓடினார்கள். 1437 பிப்ரவரியில் பொன்த்வாஸ் நகரம். கடுங்குளிரில் அகழி உறைந்து கிடந்தது. தன் ஆட்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, பனியோடு பனியாகப் பனிக்கட்டி மேல் நடக்கவைத்து மதிலேற்றினார் என்கிறார்கள். அதே வருஷம் லெ க்ரொத்வா கோட்டையை பர்கண்டிப் பிரபுவின் படை முற்றுகையிட்டிருந்தது. டால்பட் சோம் ஆற்றின் கழிமுகத்தில், பிளான்ஷ்தாக் துறையில், நெஞ்சளவு தண்ணீரில் படையை இறக்கி நடத்திக் கடந்தார். 1346-இல் க்ரெசிப் போருக்கு முன் மூன்றாம் எட்வர்ட் கடந்த அதே துறை. அவர் கடந்துவிட்டார் என்று தெரிந்ததும் முற்றுகை கலைந்தது.

இந்த மூன்றையும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எதிரி எதிர்பார்க்காத நேரம், எதிர்பார்க்காத வழி, கையில் இருக்கும் சின்னப் படை. மீதிப் படை வந்து சேரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்ததே இல்லை.

இந்தப் பழக்கம் அவரைக் கவிழ்த்ததும் உண்டு. 1429 ஜூன் 18, பத்தே என்ற இடம். பிரெஞ்சுப் படைக்கு உயிர் கொடுத்த இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க், இங்கிலாந்து முற்றுகையிலிருந்து ஓர்லியான் நகரத்தை மீட்டுக் கொடுத்திருந்த நேரம். கூட இருந்த இங்கிலாந்துத் தளபதி ஜான் ஃபாஸ்டால்ஃப், பின்வாங்கிக் கூடுதல் படைக்குக் காத்திருக்கலாம் என்றார். டால்பட் கேட்கவில்லை, முன்னேறினார். பிறகு வேறு வழியில்லாமல் பின்வாங்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் துரத்தி வந்தார்கள். வேலிகளுக்குப் பின்னால் வில்லாளிகளைப் பதுக்கி அவர்களைத் தடுக்க டால்பட் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கலைமான் துள்ளி வந்து இங்கிலாந்துப் படைக்குள் புக, வீரர்கள் வேட்டைக்குக் கத்துவதுபோலக் கத்திவிட்டார்கள். தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஒற்றர்களுக்கு இடம் தெரிந்துபோனது. குதிரைகளைத் தடுக்கும் முளைக்கம்புகளை வில்லாளிகள் நடுவதற்குள் குதிரைப்படை மேலே விழுந்தது. டால்பட் பிடிபட்டார். காலையில் இதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், இல்லையா என்று பிரெஞ்சுப் பக்கத்து அலான்சோன் பிரபு கேட்டதற்கு, போர் என்றால் இப்படியும் நடக்கும் என்று பதில் சொன்னாராம். இதைப் பின்னாளில் அலான்சோனே சாட்சியம் சொல்லியிருக்கிறார்.

சாந்தமான பதில்தான். ஆனால் தப்பிப் போன ஃபாஸ்டால்ஃபை அவர் சும்மா விடவில்லை. கோழை என்று குற்றம் சாட்டினார். அந்த விவகாரம் வருஷக்கணக்கில் இழுத்து, இறுதியில் ஃபாஸ்டால்ஃப் மேல் தப்பில்லை என்றே முடிந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்குச் சரியான யோசனை சொன்னவர் ஃபாஸ்டால்ஃப்தான்.

நான்கு வருஷம் சிறை. 1433-இல் இங்கிலாந்திடம் பிடிபட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி சான்த்ராயை விடுவித்து இவரை மாற்றிக்கொண்டார்கள். பத்தேயில் இவரைப் பிடித்தது அந்த சான்த்ராயின் ஆட்கள்தான்!

1442-இல் ஷ்ரூஸ்பரி ஏர்ல் பட்டம் கிடைத்தது. அடுத்த சில வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். தியெப் முற்றுகை தோற்றது, அயர்லாந்துக்கு மறுபடியும் ஒரு முறை போய்வந்தார். ஒன்றை மட்டும் விட மனசில்லை. 1445-இல் ஆறாம் ஹென்றிக்கு மனைவியாக வந்த அஞ்சூ மார்கரெட்டுக்கு ருவானில் தயாரான ஒரு பெரிய கையெழுத்துப் புத்தகத்தை டால்பட் பரிசளித்தார். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முதல் படத்தில் ராணிக்கு முன்னால் டால்பட் மண்டியிட்டுப் புத்தகத்தை நீட்டுகிறார், பின்னால் அவர் குடும்பச் சின்னமான வெள்ளை வேட்டைநாய் நிற்கிறது. உள்ளே அலெக்ஸாண்டர் கதை, சார்லமேன் கதைகள், போர்முறை பற்றிய ஒரு நூல், கூடவே ஆறாம் ஹென்றிதான் பிரான்ஸுக்கும் முறையான வாரிசு என்று காட்டும் வம்சாவளிப் படம். பிரான்ஸிலிருந்து வரும் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் கல்யாணப் பரிசில்கூட அரசியல்.

அந்த வம்சாவளி நாலே வருஷத்தில் பொருளிழந்தது. 1449 இலையுதிர் காலத்தில் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லின் படை ருவானைப் பிடித்தது. சரணடைந்த இங்கிலாந்துத் தளபதி சாமர்செட் பிரபு மற்ற கோட்டைகளையும் ஒப்படைக்கச் சம்மதித்து, அதற்குப் பிணையாக டால்பட்டை விட்டுவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டபடி எல்லாக் கோட்டையும் கைமாறவில்லை, எனவே டால்பட் மாட்டிக்கொண்டார். 1450-இல் ஃபலேஸ் கோட்டை சரணடைந்தபோது அவரது விடுதலையையும் ஒரு நிபந்தனையாக வைத்து மீட்டார்கள். நேராக ரோமுக்கு யாத்திரை போனார். அது யூபிலி ஆண்டு, கத்தோலிக்கர்கள் பாவமன்னிப்பு வேண்டி ரோமுக்குப் போகும் சிறப்பு ஆண்டு.

கவசம் பற்றிய விஷயம் இங்கேதான் வருகிறது. விடுதலையாகும்போது, இனி பிரெஞ்சு அரசருக்கு எதிராகக் கவசம் அணிய மாட்டேன் என்று டால்பட் சத்தியம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துப் போர்வீரர்களிடம் இத்தகைய சத்தியத்துக்கு மதிப்பு இருந்தது. மீறினால் அடுத்த முறை பிடிபடும்போது மரியாதை கிடைக்காது. ஆனால் படை நடத்த மாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே! சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி, வேலையையும் பார்த்தார். இதைப் பெருந்தன்மை என்பவர்களும் உண்டு, வக்கீல்தனம் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது.

1451-இல் தென்மேற்கு பிரான்ஸின் போர்தோ நகரமும் பிரெஞ்சுக்காரர் வசம் போனது. இது, ருவான் இருக்கும் வடக்குப் பகுதியான நார்மண்டி மாதிரி படையெடுத்துப் பிடித்த ஊர் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அக்விடேன் எலினோர் இரண்டாம் ஹென்றியை மணந்ததிலிருந்து முந்நூறு வருஷமாக இங்கிலாந்து அரசர்களின் கீழ் இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஒயின் போகும். பிரெஞ்சு அதிகாரிகளும் புது வரிகளும் வந்ததும் போர்தோக்காரர்கள் ரகசியமாக லண்டனுக்கு ஆள் அனுப்பினார்கள். 1452 அக்டோபர் 17-இல் டால்பட் சுமார் 3,000 பேரோடு போர்தோவுக்குப் பக்கத்து மெதோக் கரையில் இறங்கினார். பிரெஞ்சு அரசர் இங்கிலாந்துப் படை நார்மண்டிக்குத்தான் வரும் என்று அங்கே காவல் போட்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் போர்தோ கதவு திறந்தது. (மெதோக்கில் டால்பட் பெயரில் இன்றும் ஒரு பிரபல ஒயின் தோட்டம் உண்டு. அது அவருடைய சொத்தாக இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பெயரின் கவர்ச்சி, அவ்வளவுதான்.)

அடுத்த கோடையில் பிரெஞ்சுப் படைகள் பல திசையிலிருந்து வந்தன. ஒன்று தோர்தோன் ஆற்றங்கரையில் காஸ்டியோன் ஊரை முற்றுகையிட்டது. அந்தப் படையில் அரச பீரங்கிகளுக்குப் பொறுப்பானவர் ழான் பியூரோ. அவர் பிரபு வம்சத்தில் வந்த போர்வீரர் இல்லை. கணக்கு வழக்கும் நிர்வாகமும் தெரிந்த ஆள். அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முற்றுகை என்றால் மதிலை நோக்கிப் பீரங்கி வைப்பார்கள். பியூரோ முதலில் ஊரிலிருந்து தள்ளி, லிதுவார் என்ற சின்ன ஆற்றை முதுகுக்கு வைத்து, சுமார் 700 தொழிலாளர்களைக் கொண்டு நான்கு நாளில் ஒரு முகாம் கட்டினார். சுற்றிலும் ஆழமான அகழி, தோண்டிய மண்ணில் கரை, அதன்மேல் அடிமரங்களால் வேலி. வேலி நேர்கோட்டில் இல்லை, வளைந்து நெளிந்து போனது. அந்த நெளிவுதான் சூட்சுமம். ஒரு வளைவை நோக்கி ஓடி வருபவனை இரண்டு பக்கத்து வளைவுகளிலிருந்தும் சுடலாம். பெரிதும் சிறிதுமாக 300 துப்பாக்கி, பீரங்கிகள் உள்ளே இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பெரும்பாலானவை சின்னவையாகத்தான் இருந்திருக்கும். ஊர் மதிலைத் தாக்க அந்த முகாம் எட்டாத தொலைவு. அப்படியானால் அது யாருக்காகக் கட்டியது? உதவிக்கு வரப்போகும் படைக்காகத்தான். டால்பட் வருவார், வேகமாக வருவார் என்று அவருடைய பழக்கத்தைப் படித்து வைத்தே கட்டியதுபோல எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் டால்பட் போகத் தயங்கினார். எதிரி இன்னும் பக்கத்தில் வரட்டும், பிரித்து அடிக்கலாம் என்பது அவர் கணக்கு. போர்தோக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. எங்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்னீர்களே என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் ஆதரவு இல்லாமல் அங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது. ஜூலை 16 காலையில் கிளம்பி, இரவும் பயணம் செய்து, 17 விடியற்காலையில் குதிரைப்படையோடு காஸ்டியோன் பக்கம் வந்துவிட்டார். காலாட்படை பின்னால் வந்துகொண்டிருந்தது. சான் லோரான் மடத்தில் தங்கியிருந்த பிரெஞ்சு வில்லாளிகளைக் காட்டு வழியாக வந்து விழுந்து விரட்டினார். பழைய லெ மான் மாதிரியே ஒரு காலை. தப்பியவர்கள் முகாமுக்கு ஓடினார்கள். இவர் ஆட்கள் அங்கே கிடைத்த ஒயின் பீப்பாய்களை உடைத்துக் குடித்து ஓய்வெடுத்தார்கள்.

பூசைக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஓடுகிறார்கள், முகாமிலிருந்து பெரிய புழுதி கிளம்புகிறது என்றான். டால்பட் பூசையை விட்டுக் குதிரையேறினார். புழுதி வந்தது உண்மைதான். ஆனால் போனவை குதிரைகளும் எடுபிடிகளும். முகாமுக்குள் இடம் வேண்டுமென்று அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

கிட்டப் போனதும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். வேலிக்குப் பின்னால் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். காத்திருப்போம் என்று தாமஸ் எவரிங்கம் என்ற அனுபவசாலி வீரர் சொன்னார். டால்பட் ஒப்புக்கொள்ளவில்லை. என் பார்வையில் அவர் செய்த ஒரே பெரிய தப்பு இந்த நிமிஷம்தான். வேகமாக வந்தது தப்பில்லை, மடத்தைப் பிடித்தது தப்பில்லை. செய்தி பொய் என்று கண்ணால் பார்த்த பிறகும் திரும்பாதது தப்பு. பத்தேயில் ஃபாஸ்டால்ஃப் பேச்சைக் கேட்காத அதே பிடிவாதம், அதே ஆளிடம் இருபத்து நான்கு வருஷம் கழித்தும் மாறாமல் இருந்தது. முதுமை என்ன செய்யும்?

எல்லோரையும் குதிரையிலிருந்து இறங்கி நடக்கச் சொன்னார். அவர் மட்டும் வயதைக் கருதிச் சின்னக் குதிரைமேல் இருந்தார். நரைத்த தலையில் கவசம் இல்லை, தொப்பிதான். எவரிங்கம் கொடியைக் கொண்டுபோய் வேலியில் ஊன்றிய இடத்திலேயே விழுந்தார். பிறகு துப்பாக்கிகள் பேசின. நெருக்கியடித்து வந்த கூட்டத்தில் ஒரே குண்டுக்கு ஆறு பேர் விழுந்ததாகப் பதிவு. பின்னால் வந்த காலாட்படை மொத்தமாக வந்து மோதவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்து வந்து அந்தச் சூட்டுக்குள் புகுந்தது. அப்படியும் ஒரு மணி நேரம் நின்று சண்டை போட்டார்கள். வடக்கே மேட்டில் ஒதுங்கியிருந்த, பிரெஞ்சுப் பக்கத்து பிரெத்தான் குதிரைப்படை அதற்குப் பிறகு பக்கவாட்டில் பாய்ந்ததும் எல்லாம் முடிந்தது. டால்பட்டின் குதிரை குண்டடிபட்டு அவர்மேலேயே சாய்ந்தது. எழ முடியாமல் கிடந்தவரை ஒரு பிரெஞ்சு வீரன் கோடாலியால் வெட்டிக் கொன்றான். தப்பிப் போ என்று அவர் சொல்லியும் போகாத மகன் லைல் பிரபு பக்கத்திலேயே இறந்தான் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. மகன் அங்கே இறந்தது மட்டும் நிச்சயம்.

மறுநாள் உடலை அடையாளம் தெரியவில்லை. அவருடைய கட்டியக்காரரை அழைத்து வந்தார்கள். சிதைந்த முகத்தைப் பார்த்து அவராலும் சொல்ல முடியவில்லை. பிணத்தின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். கடைவாய்ப் பல் ஒன்று இல்லாத இடம் அவருக்குத் தெரியும். இடைவெளி விரலுக்குத் தட்டுப்பட்டதும் மண்டியிட்டு அழுதார் என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். எண்பது வயதுக் கிழவர் என்று சில பதிவுகள் சொன்னாலும் அப்போது அவருக்கு அறுபத்தைந்தை ஒட்டிய வயதுதான். எலும்புகள் பிறகு விட்சர்ச்சுக்கு வந்தன. 1874-இல் அங்கே கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டில் வெட்டுக்காயம் தெரிந்தது. உள்ளே சுண்டெலி ஒன்று கூடு கட்டிக் குட்டிகளோடு காய்ந்து கிடந்தது.

ஷேக்ஸ்பியர் நாடகம் வழியாக டால்பட்டைத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் டால்பட் இறந்த பிறகும் ஜோன் உயிரோடு இருக்கிறாள். நிஜத்தில் அவளை எரித்தது 1431-இல், இவர் இறந்தது இருபத்திரண்டு வருஷம் கழித்து.

போர்தோ அந்த அக்டோபரில் சரணடைந்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், ஆறாம் ஹென்றிக்குச் சித்தம் கலங்கிவிட்டது. கலே ஒன்றைத் தவிர பிரான்ஸில் இங்கிலாந்துக்கு நிலம் மிஞ்சவில்லை.

குடும்பக் கதை அத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மூத்த மகன், இரண்டாவது ஏர்ல், 1460-இல் நார்தாம்ப்டன் போரில் அரசர் பக்கம் நின்று இறந்தார். டால்பட்டின் இரண்டாவது மனைவி மார்கரெட் போஷாம்ப், பார்க்லி நிலங்கள் தன் தாய்வழியில் தனக்கு வர வேண்டியவை என்று உறுதியாக இருந்தவர். எதிர்க்கட்சியான ஜேம்ஸ் பார்க்லியின் மனைவி இசபெல்லை குளோஸ்டர் கோட்டையில் அடைத்து வைத்து, அந்தப் பெண் 1452-இல் அங்கேயே இறந்தாள். மார்கரெட்டின் மகள் எலினோரைத்தான் நான்காம் எட்வர்ட் ஏற்கெனவே மணக்க வாக்களித்திருந்தார் என்று சொல்லி, 1483-இல் மூன்றாம் ரிச்சர்ட் அண்ணன் பிள்ளைகளின் அரியணை உரிமையைப் பறித்தார். இரண்டு வருஷம் கழித்து பாஸ்வொர்த் களத்தில் அதே ரிச்சர்டுக்கு எதிராக வலப்பக்கப் படையை நடத்தியவர் டால்பட்டின் பேரன் கில்பர்ட். காஸ்டியோனில் இறந்த லைல் பிரபுவின் மகன் தாமஸ், பாட்டி விட்டுப்போன பார்க்லி வழக்கைக் கையில் எடுத்து, 1470 மார்ச்சில் நிப்லி கிரீனில் வில்லியம் பார்க்லியோடு சொந்தப் படை திரட்டி மோதி, இளம் வயதிலேயே செத்தான். வழக்கு மட்டும் சாகவில்லை. 1609-இல்தான் தீர்ந்தது.